எட்டுக் கட்டிகளும் ஒரு பெரிய பானையும்

வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக, ஒரு பழைய மாடிக் கட்டடம். அதன் நாலாம் மாடியில் ரூபிகாவின் வீடு. அந்த வீட்டில் புதன்கிழமை இரவு என்றால் பேணி ஸ்டூதான்.

பேணி என்றால் டின். கடலைப் பேணி ஒன்று, தக்காளிப் பேணி ஒன்று, சோளப் பேணி ஒன்று, தேங்காய்ப்பால் பேணி ஒன்று. கொஞ்சம் வெங்காயம், ஒரு கரட். அவ்வளவுதான் சாமான். அம்மா ரதி காலி வீதி என்கிற பெரிய தெருவில் ஒரு மருந்துக் கடையில் வேலை செய்கிறார். நாள் முழுக்க நின்றுவிட்டு வந்து, தேங்காய் துருவிப் பால் பிழிய யாருக்கு உடம்பில் தெம்பிருக்கும்? பேணிகளைத் திறந்தால் இருபத்தைந்து நிமிடத்தில் ஸ்டூ ஆகிவிடும். ஒரு பானை நாலு பேருக்குக் காணும். வீட்டில் இருப்பது மூன்று பேர்தான். ஆனால் அண்ணா அனுஜன் இரண்டு பேருக்குச் சாப்பிடுவான், ஆகவே கணக்குச் சரி.

பதினொரு வயது ரூபிகாவுக்கு அந்த ஸ்டூவின் செய்முறை தலைகீழாகப் பாடம். அதனால்தான் இவ்வளவு வில்லங்கமும் வந்தது.

எதிர்வீட்டுக் கஜேந்திரன் மாமா சபரிமலைக்குப் போவதற்காக மாலை போட்டிருந்தார். கறுப்பு வேட்டி, கறுப்புச் சட்டை, வெறும் கால், நாற்பத்தொரு நாள் விரதம். மீன், இறைச்சி, முட்டை எதுவும் ஆகாது. முதல் தரம் போகிறவர் என்பதால் மாமாவிடம் பக்தி எவ்வளவு இருந்ததோ அவ்வளவு பயமும் இருந்தது. மாலை போட்டவர்கள் எல்லாரையும் சாமி என்றுதான் கூப்பிடுவார்கள். மாமா அதிலும் ஒரு படி மேலே போய்விட்டார். பஸ் கொண்டக்டரைச் சாமி என்றார், தபால்காரரைச் சாமி என்றார். பழுதாகி நிற்கிற லிஃப்டைக்கூட, இன்றைக்கும் வரமாட்டீரோ சாமி என்று கேட்டுவிட்டுத்தான் படியேறினார்.

மாமி கனடாவில் மகளின் பிள்ளைப்பேறு பார்க்கப் போயிருந்தார். அதனால் மாமா தானே சமைத்துச் சாப்பிட்டார். அந்தச் சமையலைப் பற்றி அதிகம் சொல்லாமல் விடுவதுதான் மரியாதை. நாற்பது நாளில் அவருடைய வேட்டி இரண்டு சுற்று கூடுதலாகச் சுற்ற வேண்டியதாகிவிட்டது என்பதை மட்டும் சொல்லி வைக்கலாம்.

நாற்பதாம் நாள், வெள்ளிக்கிழமை மாலை, மாமா வந்து கதவைத் தட்டினார். முகத்தில் ஈயாடவில்லை.

மறுநாள் பின்னேரம் மாமாவின் குழுவில் உள்ள முப்பது சாமிமாரும் விமானம் ஏறுகிறார்கள். அதற்கு முன் மதியம், கொட்டாஞ்சேனையில் ஒரு சிறிய மண்டபத்தில் இருமுடி கட்டிப் பூசை செய்து, ஐயப்பனுக்குப் படைத்துவிட்டு எல்லாரும் சேர்ந்து சாப்பிட வேண்டும். சமைக்க வேண்டிய சாமிக்குக் காய்ச்சல் வந்துவிட்டது. குருசாமி சுற்றிலும் பார்த்துவிட்டு, நீங்கள் சமையுங்கோ சாமி என்று கஜேந்திரன் மாமாவைக் காட்டிவிட்டார். குருசாமியின் சொல்லை மறுக்கக் கூடாது. புறக்கோட்டையில் கடை வைத்திருக்கும் ஒருவர் உபயமாகப் பெட்டி பெட்டியாகப் பேணிகள் அனுப்பியிருக்கிறார்: கடலை, தக்காளி, சோளம், தேங்காய்ப்பால். சோறும் அப்பளமும் வேறு ஆட்கள் பார்த்துக்கொள்வார்கள். கறிதான் மாமாவின் தலையில்.

“புதன்கிழமைகளில உங்கட வீட்டிலயிருந்து ஒரு வாசம் வரும் பார், அது என்ன கறி?” என்று கேட்டார் மாமா. “விரதக்காரனை அது படுத்தினபாடு ஐயப்பனுக்குத்தான் தெரியும். அதில மச்சம் ஏதும் சேர்க்கிறதோ?”

மச்சம் என்றால் மீன், இறைச்சி எல்லாம் அடக்கம். ரூபிகா ஒரு கணமும் யோசிக்கவில்லை.

“ஒண்டும் இல்லை மாமா. எல்லாம் கடலையும் மரக்கறியும்தான். நான் எழுதித் தாறன்.”

அம்மா அந்த நேரம் கோயிலுக்குப் போயிருந்தார். ரூபிகா கொப்பியில் இருந்து ஒரு தாளைக் கிழித்து அழகாக எழுதினாள். முதலில் எண்ணெயில் வெங்காயமும் கறிவேப்பிலையும் ஒரு துண்டு கறுவாப்பட்டையும். வெங்காயம் பொன்னிறமானதும் தக்காளிப் பேணி. அது கொதித்ததும் தண்ணீர் வடித்த கடலை, சோளம், கரட். கரட் வெந்ததும் கட்டியைச் சுடுதண்ணீரில் கரைத்து ஊற்ற வேண்டும். கடைசியில் தேங்காய்ப்பால். “கட்டித் தண்ணீரைப் பானை தளதளவென்று கொதிக்கும்போதுதான் ஊற்ற வேண்டும். கொதிக்காத பானையில் ஊற்றவே கூடாது” என்று எழுதி, அதற்குக் கீழே இரண்டு கோடும் போட்டாள். அம்மா எப்போதும் அப்படித்தான் சொல்வார்.

கட்டி என்றால் என்ன என்று மாமா கேட்டார். அலுமாரியில் ஒரு பழைய ஜாம் போத்தலில் அம்மா அவற்றைப் போட்டு வைத்திருப்பார். வெள்ளித் தாளில் சுற்றிய சின்னச் சின்னச் சதுரங்கள். அதுதான் ஸ்டூவுக்கு ருசியும் உப்பும் கொடுக்கும். நாலு பேருக்கு ஒன்று என்றால் முப்பது பேருக்கு? ரூபிகா விரல் விட்டு எண்ணி, போத்தலில் கிடந்த ஒன்பதில் எட்டை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தாள். அவர் அவற்றைப் பிரசாதம் மாதிரி இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார்.

மறுநாள் சனிக்கிழமை. அம்மா வேலைக்குப் போய்விட்டார். போத்தலில் தனியாகக் கிடந்த ஒற்றைக் கட்டியைப் பார்க்க ரூபிகாவுக்குப் பாவமாக இருந்தது. அம்மா தேடுவதற்கு முன்னால் வாங்கி வைத்துவிடலாம் என்று பத்தரை மணிக்குக் கீழே பௌஸி நானாவின் கடைக்கு இறங்கினாள்.

சூப் கட்டி வேண்டும் என்றாள். பௌஸி நானா ஏணியில் ஏறி நின்றுகொண்டு திரும்பிப் பார்த்தார்.

“கோழியா, மரக்கறியா மகள்?”

ரூபிகாவுக்கு விளங்கவில்லை. கட்டியில் இரண்டு வகை இருக்கிறது என்பதே அவளுக்குப் புதுச் செய்தி. அம்மா வாங்குகிறதுதான் என்றாள்.

“அம்மா எடுக்கிறது கோழி தானே” என்று சொல்லி, பௌஸி நானா ஒரு பெட்டியை எடுத்து மேசையில் வைத்தார்.

பெட்டியின் மேல் ஒரு கொழுத்த சேவல் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றது.

ரூபிகா அந்தச் சேவலையே பார்த்தாள். மரக்கறி மட்டும் சமைக்கிற வெள்ளிக்கிழமைகளில் ஏன் அம்மா ஒருநாளும் பேணி ஸ்டூ வைப்பதில்லை என்று அவள் இவ்வளவு காலமும் யோசித்ததே கிடையாது. இப்போது விளங்கியது. அந்த வெள்ளித் தாளில் படமும் இல்லை, பெயரும் இல்லை. அம்மா பெட்டியைக் கடையிலிருந்து கொண்டுவந்ததும் கட்டிகளைப் போத்தலில் கொட்டிவிட்டுப் பெட்டியை எறிந்துவிடுவார். மாமா மச்சம் சேர்க்கிறதோ என்று வாய் திறந்து கேட்டாரே. இல்லை என்று சொன்னது யார்? அவள்தான். நாற்பத்தொரு நாள் விரதம். ஒருவர் இருவர் அல்ல, முப்பது பேர்.

அவள் பெட்டியை மேசையிலேயே விட்டுவிட்டு ஓடினாள். நாலு மாடியையும் எப்படி ஏறினாள் என்று அவளுக்கே தெரியாது.

அனுஜன் அண்ணா கட்டிலில் கிடந்து கைபேசியில் ஏதோ பார்த்துக்கொண்டிருந்தான். அவள் மூச்சு வாங்கிக்கொண்டு சொன்னதைக் கேட்டு முதலில் சிரித்தான். அவள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்தினான். மாமாவுக்குக் கோல் எடுத்தான். கைபேசி நிறுத்தி வைக்கப்பட்டிருந்தது. பூசைக்கு உட்கார்ந்தால் எல்லாருடைய போனையும் நிறுத்தி ஒரு பெட்டிக்குள் போட்டுவிடுவார்கள் என்று மாமா சொன்னது ரூபிகாவுக்கு நினைவு வந்தது. அம்மாவுக்கு எடுத்தார்கள். ஓம், கோழிக் கட்டிதான் என்றார் அம்மா. பிள்ளைகள் விஷயத்தைச் சொன்னார்கள்.

“உடனே வெளிக்கிடுங்கோ. நேரே போய்ச் சொல்லுங்கோ” என்றார் அம்மா.

“சொன்னா எல்லாரும் ஏசுவினமோ அம்மா?”

“ஏசினால் ஏசட்டும் பிள்ளை. சொல்லாமல் இருந்தால் அதைவிட மோசம்.”

ஆட்டோ பிடித்தார்கள். அண்ணா சாரதியிடம் சிங்களத்தில் அவசரம் என்று சொன்னான். அந்த மனிதர் அதை மனதில் எடுத்துக்கொண்டு மரைன் டிரைவில் பறந்தார். ஒரு பக்கம் கடல், ஒரு பக்கம் கட்டடங்கள், ரூபிகா இரண்டையும் பார்க்கவில்லை. அவள் மனதில் பானைதான் கொதித்துக்கொண்டிருந்தது. இப்போது வெங்காயம் வதங்கியிருக்கும். இப்போது தக்காளி போட்டிருப்பார். கோட்டையைத் தாண்டும் மட்டும் எல்லாம் நல்லபடி போனது. புறக்கோட்டையில் வந்து மாட்டிக்கொண்டார்கள். வெங்காய மூட்டை ஏற்றிய கைவண்டி ஒன்று வீதிக்குக் குறுக்கே நின்றது, அதற்குப் பின்னால் ஒரு லொறி, அதற்குப் பின்னால் உலகமே நின்றது. கரட் வெந்துகொண்டிருக்கும் என்று ரூபிகா நினைத்தாள். அவளுக்கு அழுகை வந்தது. அண்ணா அவள் கையைப் பிடித்துக்கொண்டான்.

கொட்டாஞ்சேனையில் அந்த ஒழுங்கைக்குள் ஆட்டோ திரும்பும்போது மணி பதினொன்றரை தாண்டிவிட்டது. மண்டபத்தில் இருந்து சரணம் ஐயப்பா என்ற சத்தம் வீதி வரைக்கும் கேட்டது. உடுக்கும் தாளமும் காதைப் பிளந்தன.

வாசலுக்கு ஓடினவள் அப்படியே நின்றுவிட்டாள்.

உள்ளே சாமிமார் வரிசை வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். ஒவ்வொருவருக்கும் முன்னால் கட்டி முடித்த இருமுடி. நடுவே கால் வைக்க ஓர் அடி இடமும் இல்லை. இருமுடியைத் தாண்டிப் போகக் கூடாது, அது அவளுக்கும் தெரியும். மண்டபத்தின் மறுகோடியில் சமையலறைக் கதவு திறந்து கிடந்தது. அங்கே கஜேந்திரன் மாமா நின்றார். ஒரு கையில் அவளுடைய தாள். மறு கையில் பெரிய கோப்பை, அதிலிருந்து ஆவி பறந்துகொண்டிருந்தது. எட்டுக் கட்டியும் கரைந்த தண்ணீர். மாமா தாளைப் படித்தார். பானையை எட்டிப் பார்த்தார். அது இன்னும் தளதளவென்று கொதிக்கவில்லைப் போல. காத்துக்கொண்டு நின்றார்.

ரூபிகா மாமா என்று கத்தினாள். தொண்டை கிழியக் கத்தினாள். முப்பது பேரின் சரணத்துக்குள் அது எங்கே கேட்கப் போகிறது? வாசலோரம் இருந்த ஒரு சாமி மட்டும், அவளும் சரணம் சொல்கிறாள் என்று நினைத்துத் தலையை ஆட்டிச் சிரித்தார். அண்ணா கையை உயர்த்தி ஆட்டினான். மாமாவின் கண் பானையை விட்டு அசையவில்லை.

கொதித்தால் ஊற்றிவிடுவார். கொதிக்காவிட்டால்? கொதிக்காத பானையில் ஊற்றவே கூடாது என்று எழுதி இரண்டு கோடு போட்டது அவள்தானே. மாமா குருசாமியின் சொல்லை எப்படிக் கேட்பாரோ அப்படித்தான் அந்தத் தாளையும் கேட்பார்.

ரூபிகா மண்டபத்தைச் சுற்றி ஓடினாள். பக்கத்தில் மதிலுக்கும் சுவருக்கும் நடுவே ஓர் ஆள் போகிற அளவு சந்து இருந்தது. அவள் நினைத்த மாதிரியே காஸ் சிலிண்டர் சுவருக்கு வெளியே நின்றது. அதன் குழாய் ஒரு துவாரத்தால் உள்ளே போயிருந்தது. வீட்டில் ஒவ்வொரு இரவும் காஸை நிறுத்துவது அவளுடைய வேலை. குமிழைப் பிடித்துத் திருப்பினாள். டக் என்று நின்றது.

சமையலறைக்குப் பின்கதவு ஒன்று அந்தச் சந்துக்குள் இருந்தது. உள்பக்கம் தாழ்ப்பாள், அந்தச் சத்தத்தில் தட்டினாலும் கேட்காது. ரூபிகா அதன் முன்னால் நின்று எண்ணத் தொடங்கினாள். ஒன்று, இரண்டு, மூன்று. பதினேழு எண்ணும்போது தாழ்ப்பாள் விலகியது. மாமா தலையை நீட்டினார். கோப்பை இன்னும் கையில்தான் இருந்தது.

“காஸ் சாமி, இந்த நேரத்தில முடிஞ்சுபோனீரோ” என்று சிலிண்டரைப் பார்த்துக் கேட்டவர், ரூபிகாவைக் கண்டதும் திகைத்துப்போனார்.

“மாமா, அதை ஊத்திட்டீங்களோ?”

“இல்லையம்மா. கொதிக்க முதல் ஊத்தக் கூடாது என்டு நீதானே எழுதினனீ.”

 ரூபிகா எல்லாவற்றையும் ஒரே மூச்சில் சொன்னாள். கட்டியில் கோழி இருக்கிறது என்றாள். தனக்கு இன்று காலைதான் தெரியும் என்றாள். இல்லை என்று சொன்னது பிழை, யோசிக்காமல் சொல்லிவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கோ என்றாள்.

மாமா கோப்பையைப் பார்த்தார். அவருடைய முகம் வெளுத்துப்போனது. பிறகு மெதுவாக, பாம்பைப் பிடித்தவர் மாதிரிக் கையைத் தூர நீட்டிக்கொண்டு போய், கோப்பையைக் கழிவுநீர் ஓடும் கானுக்குள் கவிழ்த்தார். குழாயடியில் கையை மூன்று தரம் சவர்க்காரம் போட்டுக் கழுவினார். அதுவும் போதாதென்று தலையிலும் ஒரு வாளித் தண்ணீரைக் கவிழ்த்துக்கொண்டார். சட்டையோடு நனைந்து நின்றவர், பெரிதாக ஒரு மூச்சு விட்டார்.

“ஒரு துளியும் விழேல்லை” என்றார், தனக்குத் தானே சொல்வதுபோல. “ஒரு துளியும் விழேல்லை பிள்ளை.”

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். யார் முதலில் சிரித்தது என்று தெரியாது. அண்ணா ஓடி வந்து பார்க்கும்போது, ஒருத்தி அழுதுகொண்டே சிரித்தாள், ஒருவர் நீர் சொட்டச் சொட்டச் சிரித்தார்.

சிரித்து முடிந்ததும் மாமாவுக்குப் பகீரென்றது. கட்டி இல்லாமல் கறிக்கு ருசி எங்கிருந்து வரும்? உப்பு? செய்முறையில் உப்பே இல்லை. கட்டியில் இருக்கிற உப்புத்தான் ஸ்டூவின் உப்பு. சரி, போட்டுப் போட்டு ருசி பார்க்கலாம் என்றால் அதுவும் முடியாது. ஐயப்பனுக்குப் படைக்க முன்னால் யாரும் வாயில் வைக்கக் கூடாது.

அம்மாவைத்தான் கேட்க வேண்டும். ரூபிகா அண்ணாவின் கைபேசியை வாங்கினாள். ஒரு துளியும் விழவில்லை என்றதும் அம்மா மறுபக்கத்தில் விட்ட மூச்சு அண்ணாவுக்கும் கேட்டது. பிறகு அம்மா கணக்குப் பார்த்தார். பேணிகளிலும் கொஞ்சம் உப்பு இருக்கும், ஆகவே நாலு பேர் பானைக்கு ஒரு தேக்கரண்டிக்கு மேல் போட வேண்டாம் என்றார். அப்படியென்றால் எட்டு. ருசிக்கு என்ன செய்கிறது என்று அம்மா யோசிப்பதற்குள் ரூபிகா சமையலறையைச் சுற்றிப் பார்த்துவிட்டாள். மிளகுத் தூள் இருந்தது, இஞ்சி இருந்தது, கறிவேப்பிலை ஒரு கட்டு இருந்தது, கூடை நிறையத் தேசிக்காய், அதுதான் எலுமிச்சை, இருந்தது. இஞ்சியையும் கறிவேப்பிலையையும் எண்ணெயில் பொரித்துக் கொட்டி, மிளகு தூவி, இறக்கின பிறகு தேசிக்காய் பிழிந்தால் என்ன என்று கேட்டாள். நல்ல யோசனை, ஆனால் தேங்காய்ப்பால் திரையாமல் கடைசியாகப் பிழி என்றார் அம்மா.

அண்ணா போய்க் காஸைத் திறந்தான். மாமா அடுப்பை மூட்டினார். உப்பை ரூபிகா போட, மாமா எண்ணினார். ஒவ்வொரு கரண்டிக்கும் ஒரு சரணம் சொன்னார். இடையில் ஒரு கரண்டி கூடிவிட்டதோ என்று இரண்டு பேருக்கும் சந்தேகம் வந்தது. இனி என்ன செய்வது, ஐயப்பன் பார்த்துக்கொள்வார் என்று விட்டுவிட்டார்கள்.

படைப்பதற்கு முன் மாமா குருசாமி கதிர்காமநாதனைப் பின்பக்கம் கூட்டி வந்து நடந்ததை ஒளிக்காமல் சொன்னார். குருசாமி வெள்ளைத் தாடிக்காரர், அதிகம் பேசாதவர். ரூபிகா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். அவர் பானையைப் பார்த்தார், கானைப் பார்த்தார், கடைசியில் அவளைப் பார்த்தார்.

“பிழையைப் பானைக்கு வெளியிலேயே பிடிச்சிட்டியள். பிறகென்ன” என்றார். கறியைக் கொண்டுவரச் சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டார்.

பூசை முடிந்தது. வாழையிலைகள் விரித்தார்கள். சோறு வந்தது, அப்பளம் வந்தது, மாமா ஸ்டூவை ஊற்றிக்கொண்டு போனார். ரூபிகா தூணோடு ஒட்டிக்கொண்டு குருசாமியையே பார்த்தாள். அவர் சோற்றைக் குழைத்தார். ஒரு வாய் வைத்தார். மென்றார். பிறகு நிமிர்ந்து, உப்புக் கிண்ணம் இருந்த பக்கமாகக் கையை நீட்டினார். 

நீட்டின கை கிண்ணத்தைத் தாண்டிப் போய் அப்பளத்தை எடுத்தது.

“சாமி, அந்தக் கறியில இன்னும் ரெண்டு கரண்டி போடுங்கோ” என்றார் குருசாமி.

அவ்வளவுதான். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் கேட்டார், அதற்கடுத்தவர் கேட்டார், மாமா வாளியைத் தூக்கிக்கொண்டு வரிசைக்கு வரிசை ஓடினார். இப்படியொரு கறியை எங்கே படித்தீர்கள் சாமி என்று யாரோ கேட்க, மாமா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தூண் பக்கம் கையைக் காட்டினார். முப்பது தலை திரும்பின. ரூபிகாவுக்கு வெட்கமாகவும் இருந்தது, அதைவிடச் சந்தோஷமாகவும் இருந்தது. நெஞ்சுக்குள் காலையிலிருந்து இறுகிக் கிடந்தது எல்லாம் கரைந்துபோய், உடம்பே லேசாகிவிட்டது.

அப்போதுதான் அவளுக்குப் பசித்தது. பயங்கரமாகப் பசித்தது. கடைசி வரிசையில் அண்ணா ஏற்கெனவே சம்மணம் கொட்டி உட்கார்ந்து இரண்டாம் தரம் சோறு வாங்கிக்கொண்டிருந்தான். அவனைத் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, ரூபிகா தானும் ஓர் இலைக்கு முன்னால் உட்கார்ந்து நிமிர்ந்து பார்த்தாள்.

“எனக்கும் போடுங்கோ சாமி.”